ஆள் ஏறினால் மட்டும் வரும் சத்தம்

மார்ச் 5, ஞாயிறு

மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரன் என் மனைவி கலாமணிக்கு இனாமாகக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கன்றுக்குட்டிக்குக் குடற்புழு நீக்குவது பற்றி ஒரு வரி இருக்கிறது. மேலே காலியாகக் கிடக்கும் இடத்தில் வண்டியின் பராமரிப்புக் குறிப்புகளை எழுதி வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன். மனசில் பட்டதையெல்லாம் கொட்டி வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இன்று வண்டிக்குச் செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் மாற்றினேன். முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு செயின், அவ்வளவுதான் சமாசாரம். இதற்காக ஜபருல்லாவின் ஒர்க்‌ஷாப் பெஞ்சில் ஒரு நாளைத் தொலைக்க வேண்டியதில்லை. பதினோரு வருஷமாக என் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் ஆயிற்றே என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டேன். “ரெண்டு வெரலு லூசு வுட்டு மாட்டோணுங் சார்” என்றார். லூசு விட வேண்டுமாம். போல்ட் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் தரப் பரிசோதகனாக இருக்கிற சென்னியப்பனிடம் சொல்கிறார். நான் லூசு விட்டிருந்தால் இந்த நாட்டு லாரிகளில் பாதிக்குச் சக்கரம் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போய்க்கொண்டிருக்கும்.

வாசலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, செல்போனில் வீடியோ பார்த்து நானே மாட்டினேன். வீடியோவில் பதினெட்டு நிமிஷம். எனக்கு நாலரை மணி நேரம். வீடியோக்காரன் அவசரக்காரன். செயினுக்கு இருபது முதல் முப்பது மில்லிமீட்டர் தொய்வு வேண்டும் என்று வண்டியின் கையேட்டில் போட்டிருக்கிறது. கண்டவனும் படிக்கிற புத்தகம், கண்டவனுக்குத் தக்கபடி எழுதியிருக்கிறார்கள். நான் ஆறு மில்லிமீட்டரில் நிறுத்தினேன். விரலால் சுண்டினால் டிங் என்கிறது.

நடுவில் கலாமணி காபியோடு வந்து நின்றாள். இன்னொரு கையில் ஒரு கடிதம். அவள் இங்கிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பால் சொசைட்டியில் பரிசோதகர். விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் பால் கேன்களோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக நான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். இப்போது தாளவாடி மலையில் பால் ஒன்றியம் புதிதாகக் குளிரூட்டும் நிலையம் திறக்கிறதாம். பொறுப்பாளராகப் போகச் சம்மதமா இல்லையா என்று இருபத்துநாலாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். போனால் அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்க வேண்டும்.

“நீங்க என்னங்க சொல்றீங்க?” என்றாள்.

என் கையெல்லாம் கிரீஸ். “வேலையா இருக்கறேன்ல, அப்பறம் பேசலாம்” என்றேன். கடிதத்தைப் பிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் சொருகிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 6, திங்கள்

நேற்று சாயங்காலம் தனியாக டீக்கடை வரை ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போயிற்று. இன்று காலை கலாமணி ஏறினாள். நாலு வீடு தாண்டவில்லை, அடியிலிருந்து ஒரு ஊளை. கர்ர் என்று தொடங்கி வேகம் ஏற ஏற ங்ஙொய்ங் என்று முடிகிறது.

“தாளவாடிக்கு நான் போறதுன்னா...” என்று காதருகில் ஆரம்பித்தாள். அவளுக்கு வண்டியில்தான் பேச வரும். வீட்டில் வேலை, அங்கே பால், இங்கே வந்தால் டிவி. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நாள் முழுவதற்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். “செத்த பேசாம வா. சத்தம் எங்கிருந்து வருதுன்னு கேக்கோணும்” என்றேன். வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது சத்தம் இல்லை. தானாகச் சரியாகிவிட்டது. நல்ல வேலைப்பாட்டின் லட்சணம் அது.

மார்ச் 7, செவ்வாய்

போகும்போது ஊளை. வரும்போது இல்லை.

மார்ச் 8, புதன்

அதே கதை. செயினுக்கு எண்ணெய் விட்டேன். எண்ணெய் விட்ட ஊளையாக வருகிறது.

இந்த ஊரில் ஒருத்தனுக்கு ஜுரம் என்றால் ஏன் என்று கேட்க ஆள் வராது. வண்டியில் சத்தம் என்றால் போதும், ஆளுக்கு ஆள் டாக்டர். டீக்கடைக்காரர் பேரிங் என்கிறார். கம்பெனியில் பக்கத்து மேசைக்காரர் செயின் கவர் உரசுகிறது என்கிறார். எதிர்வீட்டுக்காரர் பெட்ரோலில் கலப்படம் என்கிறார். அவருக்கு முழங்கால் வலித்தாலும் பெட்ரோலில் கலப்படம்தான். எல்லோருக்கும் பொறுமையாகத் தலையாட்டினேன்.

கலாமணி மூன்று நாளாக வண்டியில் வாய் திறக்கவில்லை. காது கொடுத்துக் கேட்க வசதியாக இருக்கிறது.

மார்ச் 10, வெள்ளி

பின்சக்கரம் கோணலாக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தேன். கோணல் இல்லை. செயின் கவரைக் கழற்றி ஓட்டினேன். சத்தம் போகவில்லை, என் பேண்ட்டு போயிற்று.

ஆகவே முறைப்படி யோசித்தேன். கம்பெனியில் ஒரு கேடு வந்தால் அது எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று இரண்டு பத்தி போட்டு எழுதுவோம். எழுதினேன். கலாமணி இருக்கும்போது வருகிறது. கலாமணி இல்லாதபோது வரவில்லை. இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

சாயங்காலம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவள் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காருகிறாள். பாரம் முழுவதும் இடது பக்கம் இறங்குகிறது. செயினும் இடது பக்கம்தான் இருக்கிறது. இனிமேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும்.

“சீலையக் கட்டிக்கிட்டா?” என்றாள்.

“ஏன், முடியாதா?”

“நீங்க ஒருக்கா கட்டி உக்காந்து காட்டுங்க. அதப் பார்த்து நானும் உக்கார்றேன்.”

தர்க்கம் தோற்றால் கிண்டலில் இறங்குவது மனுஷ சுபாவம்.

மார்ச் 11, சனி

பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் விட்டுப்போன சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இவளைச் சுடிதாரில் நான் பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்வதற்குள் ஊளை ஆரம்பித்துவிட்டது.

சொசைட்டி வாசலில் பதினைந்து பேர் கேனோடு நின்றார்கள். எருமைப் பால் ஊற்றுகிற வெள்ளியங்கிரி என்னைப் பார்த்து, “உங்க வண்டிச் சத்தம் கேட்டுத்தானுங்க எங்கூட்டு எருமையே எந்திரிக்குது. அதையச் சரி பண்ணிப் போடாதீங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கலாமணியும் சிரித்திருக்கலாம், பரவாயில்லை. அவள் சிரிக்காமல் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

மார்ச் 12, ஞாயிறு

உட்காரும் வாகு இல்லை என்று ஆனபின் மிச்சம் இருப்பது எடை. காய்கறி வாங்கப் போன இடத்தில், அரிசிக்கடையின் மூட்டைத் தராசில் அவளை ஏறச் சொன்னேன். கடைக்காரர், வேலையாட்கள், வாங்க வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அறிவியலுக்கு ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அறுபத்தொரு கிலோ. வண்டி வாங்கிய வருஷம் ஐம்பத்திரண்டு. ஒன்பது கிலோ வித்தியாசம் என்று கடைக்காரருக்கும் கேட்கும்படி கணக்குச் சொன்னேன். ராத்திரிச் சோற்றைக் கொஞ்சம் குறைத்தால் செயினுக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது என்றேன்.

தராசிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டினாள். நல்லபடியாக எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 13, திங்கள்

நாலே முக்காலுக்குத் தயாராகி வாசலில் வண்டியை முடுக்கினேன். கலாமணி பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தாள்.

“நீங்க படுங்க. மெயின் ரோட்டுல அஞ்சு பத்துக்குப் பால் வேன் வருது. தெய்வசிகாமணி ஏத்திக்கிறேன்னு சொல்லீருக்குது. வண்டி சரியாகற வரைக்கும் அதுல போயிக்கிறனுங்க.”

நல்ல யோசனை. தனியாக நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். சத்தம் அறவே இல்லை. ஆக, கேடு எங்கே இருந்தது என்பது நிரூபணமாகிவிட்டது.

மார்ச் 14, செவ்வாய்

சத்தம் இல்லை. நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. செய்வதற்கு ஒன்றுமில்லை.

மார்ச் 16, வியாழன்

பால் வேனைப் பற்றிச் சில குறிப்புகள். எஞ்சினில் டாப்பெட் டக்டக்கென்று அடிக்கிறது. முன்பக்க டயர் வழுக்கை. சைலன்சரைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் பார்ப்பதற்காகத்தான் காலையில் சொசைட்டிக்கு எதிரில் உள்ள புளியமரத்தடிக்குப் போய் நின்றேன். வேறு காரணம் இல்லை.

டிரைவர் தெய்வசிகாமணிக்கு முப்பது வயதுகூட இருக்காது. முன் சீட்டில் கலாமணிக்காக ஒரு தலையணையை மடித்துப் போட்டிருந்தான். வேன் நின்ற பிறகும் அவள் இறங்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் ஸ்டீயரிங் மேல் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு பேச என்ன இருக்கிறதோ. ஒரு வாரமாக என்னிடம் “சோறு வெச்சுட்டேன்”, “கேஸ் வரும், வாங்கி வையுங்க” தவிர ஒன்றும் இல்லை.

அந்த டாப்பெட் சத்தத்தில் அவன் காதில் என்ன விழுந்திருக்கும்.

மார்ச் 17, வெள்ளி

கம்பெனிக்கு அரைநாள் லீவு போட்டேன். ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டியிருந்தது. ஆள் இல்லாமல் ஆள் எடை மட்டும் இருந்தால் என்ன ஆகும்?

இருபத்தைந்து கிலோ அரிசிப்பை இரண்டு. மேலே அம்மிக் குழவியும் ஒரு செங்கல்லும் சேர்த்துப் பதினொன்று. மொத்தம் அறுபத்தொன்று. பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் போகிற காட்டுப் பாதையில் ஓட்டினேன். நூறு அடி போகவில்லை. கர்ர். ங்ஙொய்ங்.

அரிசி ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காரவில்லை. அரிசி பேசவும் இல்லை.

இறங்கிச் செயினைத் தொட்டுப் பார்த்தேன். இரும்புக் கம்பியாக விறைத்து நின்றது. ஒரு பையை இறக்கினேன், கொஞ்சம் இளகியது. எல்லாவற்றையும் இறக்கினேன், ஆறு மில்லிமீட்டர் ஆடியது. மறுபடி ஏற்றினேன், விறைத்தது. பாரம் ஏறினால் ஷாக் அப்சார்பர் அமுங்கும், சக்கரம் மேலே போகும், செயின் இழுபடும். அதற்காகத்தான் அந்த இருபது மில்லிமீட்டர். நான் சென்டர் ஸ்டாண்டில் காலி வண்டியை வைத்து அளந்திருக்கிறேன். ஆள் உட்காருவதற்கு வண்டியில் இடம் இருந்தது, செயினில் இடம் விடவில்லை.

நான் மூட்டையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது வெள்ளியங்கிரி எருமையை ஓட்டிக்கொண்டு வந்தான். நின்று பார்த்தான். “ஏனுங்ணா, அரிசிய ஊர்கோலம் கூட்டிட்டுப் போறீங்களா?” என்றான். பிறகு, “சத்தம் அப்பிடியேதான் இருக்குதுங்களாட்ட” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இதைத் தவறு என்று சொல்ல முடியாது. தரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சத்தமில்லாமல் இளக்கிவிட்டால் முடிந்தது. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

ராத்திரி சாப்பிடும்போது கலாமணி கேட்டாள். “இன்னைக்கி ஏதாச்சும் பார்த்தீங்களா? என்னன்னு தெரிஞ்சுதுங்களா?”

கையில் ரசக் கரண்டியோடு நின்றாள். பதில் வரும் வரை ஊற்றவில்லை.

“பார்த்துட்டுத்தான் இருக்கறேன்” என்றேன். “நீ உக்கார்ற வாகுதான்னு தோணுது.”

ரசத்தை ஊற்றினாள். கொஞ்சம் கூடவே ஊற்றினாள்.

மார்ச் 19, ஞாயிறு

செயினை இளக்க வேண்டுமென்றால் முதலில் பின்சக்கரத்தின் நட்டைக் கழற்ற வேண்டும். அந்த நட்டை இறுக்கியதும் நான்தான். ஸ்பேனருக்குப் பைப் மாட்டி ஏறி நின்றேன். நட்டு அசையவில்லை, முனை மழுங்கிவிட்டது. இனி அது எந்த ஸ்பேனருக்கும் பிடி கொடுக்காது. ஜபருல்லாவிடம் போகலாம். போகவில்லை.

மார்ச் 20, திங்கள்

பிரிட்ஜைத் திறக்கப் போனவன் அந்தக் கடிதத்தை இன்றுதான் முழுக்கப் படித்தேன். பதினைந்து நாளாகத் தயிர் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்ததுதான்.

“இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு புகாரும் இல்லாத பரிசோதகர்” என்று எழுதியிருக்கிறார்கள். தினமும் ஆயிரத்து இருநூறு லிட்டர் பால் பார்க்கிறாளாம். எனக்குத் தெரியாது. ஏப்ரல் மூன்றாம் தேதி சேர வேண்டும். கீழே ஒரு துண்டு: சம்மதம், சம்மதமில்லை, வேண்டாததை அடிக்கவும். இரண்டும் அடிபடாமல் அப்படியே இருக்கிறது. இன்னும் முடிவு செய்யவில்லை.

தாளவாடிக்கு இங்கிருந்து மூன்று பஸ் மாற வேண்டும். திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. அவள் போனால் இந்த வீட்டில் நானும் பிரிட்ஜும்தான் இருப்போம். மத்தியானம் வைத்துவிட்டுப் போன சோறு இறங்கவில்லை. பராமரிப்புக் குறிப்பில் இதற்கு இடமில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

மார்ச் 22, புதன்

ஜபருல்லாவின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஓட்டிக்கொண்டே போயிருக்கலாம். தள்ளிக்கொண்டு போனால் கொஞ்சம் பரிதாபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மழுங்கிய நட்டைப் பார்த்தார். உளி வைத்து இரண்டு தட்டு, நட்டு சுழன்று வந்துவிட்டது. புது நட்டுப் போட்டார். என்னை வண்டிமேல் உட்காரச் சொல்லி, இன்னொருத்தரையும் பின்னால் உட்காரவைத்து, குனிந்து செயினை விரலால் தூக்கிப் பார்த்து இளக்கினார். நாலு நிமிஷம். சிரிப்பார், இரண்டு வார்த்தை குத்துவார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டே, “இத அக்கா அன்னைக்கே வந்து கேட்டாங்களே சார்” என்றார்.

“எந்த அக்கா?”

“உங்கூட்டு அக்காதான். போன வாரம் திங்கக்கெழம. பஸ்ச விட்டு எறங்கி நேரா வந்தாங்க. ஆளு ஏறினா மட்டும் சத்தம் வருது, எறங்கினா இல்லை, அது ஏன் பாய்னாங்க. செயினு டைட்டா இருக்கும், சாரை வரச் சொல்லுங்க, அஞ்சு நிமிசத்துல இளக்கித் தாரேன்னேன்.”

திங்கள் என்றால் பதின்மூன்று. தராசில் ஏற்றியதற்கு மறுநாள்.

“எங்கிட்ட அவ சொல்லவே இல்லையே.”

“நானும் கேட்டேன் சார், நீங்க சொல்றீங்களா, நான் போன் போடட்டுமான்னு. வேண்டாம் பாய், அவருக்கே தெரிய வரும், அவரே வந்து சொல்லுவாருன்னாங்க.” ஸ்பேனரைப் பெட்டியில் போட்டார். “இன்னும் சொல்லலீங்களா?”

வேலைக்கு எவ்வளவு என்று கேட்டேன். நட்டுக்கு மட்டும் கொடுங்கள் என்றார்.

மார்ச் 23, வியாழன்

நாளை கடைசி நாள். நேற்று ராத்திரியே சொல்லியிருக்கலாம். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், அப்புறம் டிவி, அப்புறம் விளக்கை அணைத்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் நூற்றுக்கணக்கான பேரிடம் உன் வேலையில் கேடு இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அந்தத் தாளில் என் பெயரை எழுதிப் பழக்கமில்லை.

காலையில் அவள் வேனில் போன பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சொசைட்டியில் வரிசை நின்றது. தனியாகக் கூப்பிட்டால் வேலை நேரத்தில் வரமாட்டாள். நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எட்டு பேர், பின்னால் வெள்ளியங்கிரி. கையில் கேன் இல்லாமல் நிற்கிறவனை எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒவ்வொருத்தர் பாலிலும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, குனிந்து அளவைப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு, கலாமணி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஒரு ஆளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருத்தரிடம் மட்டும், “நேத்தைய விட இன்னைக்கிப் பாலு எளசா இருக்குது, மாட்டுக்குத் தண்ணி கூட வெச்சுட்டீங்களா?” என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். இருபத்திரண்டு வருஷமாக இந்த வாசலில் இறக்கிவிட்டிருக்கிறேன். உள்ளே அவள் வேலை செய்வதை இன்றுதான் பார்த்தேன்.

என் முறை வந்தது.

“பாலு எங்கீங்க?” என்றாள், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். பிறகு என்னைப் பார்த்தாள்.

“பாலு இல்ல” என்றேன். “செயின நான்தான் இறுக்கிப் போட்டேன். நீ உக்கார்றது, எடை, ஒண்ணும் காரணமில்ல. வெள்ளிக்கெழம மூட்டை கட்டி ஓட்டிப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் உம்மேல சொன்னேன்.”

வரிசையில் கேனைக் கீழே வைக்கிற ஓசைகூட நின்றுவிட்டது.

“தெரியுங்க” என்றாள். “வெள்ளியங்கிரியண்ணன் அன்னைக்கிச் சாயங்காலம் பாலு ஊத்தறப்பவே சொல்லீருச்சு. அதுக்குத்தான் ராத்திரி உங்களக் கேட்டேன்.”

எனக்குப் பின்னால் வெள்ளியங்கிரி தன் கேன் மூடியை ரொம்ப அக்கறையாகத் திருகிக்கொண்டிருந்தான்.

“அந்த லெட்டருக்கு நாளைக்குத்தான கடைசி” என்றேன். “வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு. வண்டி சரியாயிருச்சு.”

“சம்மதம்னு சனிக்கெழம காலைலயே எழுதி, வேன்ல குடுத்தனுப்பிட்டனுங்க.”

“பிரிட்ஜுல அப்பிடியே இருக்குதே, ஒண்ணும் அடிக்காம.”

“அது ஜெராக்ஸ்.” குழாயை எடுத்துத் துணியில் துடைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பால் அளவு சொல்கிற அதே குரலில் சொன்னாள். “இத்தன வருசத்துல இங்க எத்தனையோ பேரு தண்ணி ஊத்திக் கொண்டாந்திருக்காங்க. நான் ஒருத்தரையும் வையறதில்ல. மறுநாளு வந்து அவங்களே ஒத்துக்குவாங்க. உங்களுக்குந்தான் நாலு நாளு பார்த்தேன், வெள்ளிக்கெழம வாயத் தொறந்து கேட்டும் பார்த்தேன். போறதா வேண்டாமான்னு அதுவரைக்கும் நான் முடிவு பண்ணலீங்க.”

நோட்டில் அடுத்த வரியில் பேனாவை வைத்தாள்.

“கொஞ்சம் தள்ளிக்கங்க. பின்னால ஆளு நிக்குது.”

தள்ளிக்கொண்டேன்.

மார்ச் 24, வெள்ளி

கம்பெனியில் நூற்று நாற்பது போல்ட்டைத் தரமில்லை என்று தள்ளினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார்.

மார்ச் 27, திங்கள்

காலையில் வண்டியில் வருகிறாயா என்று கேட்டேன். வந்தாள். சேலை, ஒருபக்கமாகக் கால். சத்தம் இல்லை. வழியில் பேசினாள். எதிர்வீட்டுக்காரர் மகளுக்கு வரன் வந்தது, புது இடத்தில் அறுபது ஊர்ப் பால் வருமாம், குளிருக்கு ஸ்வெட்டர் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினேன். மறுபடி யோசிக்க முடியாதா என்று கேட்க நினைத்தேன். அவள் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததால் கேட்க முடியவில்லை. இத்தனை நாள் அந்தச் சந்தோஷத்தைத்தான் பேசாமல் வா என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 30, வியாழன்

இட்லி மாவு எத்தனை நாள் தாங்கும், கேஸ் புத்தகம் எங்கே, தண்ணீர் மோட்டாரை எப்போது நிறுத்த வேண்டும் என்று நாலு பக்கம் எழுதி, அதே காந்தத்தில் சொருகியிருக்கிறாள். ஆறாவது இடத்தில், “டைரியில் கன்றுக்குட்டிக் குறிப்பையும் படிக்கவும்” என்று இருக்கிறது. இந்த டைரியை அவள் படித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 2, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியிலேயே போனோம். ஒரு பெட்டி எனக்கு முன்னால், ஒரு பை அவள் மடியில். சத்தியமங்கலம் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கி, கீழே ஜன்னலுக்கு நேரே நின்றேன். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் இன்னும் இரண்டு டீ குடிக்கலாம் என்று தோன்றியது.

“மாத்திரை சாப்புடுங்க. ராத்திரிக்கு டீக்கடை வடையத் தின்னுட்டுப் படுக்காதீங்க.”

“சரி.”

“மூணாவது ஞாயித்துக்கெழம வாங்க. அங்க எனக்கு லீவு போட முடியுமான்னு தெரியல. நீங்க வந்து பாருங்க.”

“வர்றேன்.”

எனக்குக் கண் எரிந்தது. புகை என்று சொல்லலாம், ஆனால் பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஒரு மாதமாக நான் செய்த அத்தனையும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அரிசிக்கடைத் தராசுதான் முதலில் வந்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

கலாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள். “அங்க குளிரூட்டற மிஷின்ல ஏதோ சத்தம் வருதாமுங்க. நீங்க வந்தா அதப் பார்க்கறேன்னு ஸ்பேனரத் தூக்கிக்கிட்டு உக்காந்துக்காதீங்க.”

பஸ் உறுமி ஒரு குலுங்கு குலுங்கியது. நானும் இரண்டடி கூடவே நடந்தேன். கலாமணி, போகாதே, எனக்கு நீ வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“எந்த மாதிரி சத்தம்?” என்றுதான் வந்தது.